கீபோட்டில் சும்மா கிடக்கும் விசைகளுக்குத் தமிழ் வேலை

யாழ்ப்பாணத்துக் கடைகளில் இப்போது கிடைக்கிற யு.எஸ்.பி. கீபோட்டுகள் பலவற்றின் மேல் விளிம்பில் சின்னச் சின்ன விசைகள் ஒரு வரிசையாக இருக்கும். ஒன்றில் கடித உறை, ஒன்றில் வீடு, ஒன்றில் கணிப்பான், ஒன்றில் நட்சத்திரம். சத்தத்தைக் கூட்டுகிற, குறைக்கிற விசைகளைத் தவிர மற்றதை ஒருவரும் தொடுவதில்லை. என்னுடைய கீபோட்டில் கடித உறையை அழுத்தினால் ௵ விழும். வீட்டை அழுத்தினால் ௴, கணிப்பானை அழுத்தினால் ௳. நட்சத்திரத்துக்கு மேற்படிக் குறி ௸. லினக்ஸில் இதைச் செய்வது எப்படி என்று கேட்டுச் சில நண்பர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும், தமிழில் நிறையத் தட்டெழுதுகிற மற்றவர்களுக்குமாக இந்தப் பதிவு.

முதலில், எதற்காக இந்தக் குறிகள் என்று சொல்லவேண்டும். நான் பழைய யாழ்ப்பாணத்துப் புத்தகங்களின் விவரங்களைக் கணினியில் பதிகிறவன். தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஆண்டு இவ்வளவுதான் வேலை. ஆனால் 19ஆம் நூற்றாண்டுப் புத்தகம் ஒன்றின் முகப்பைத் திறந்தால் ஆண்டு நாங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இராது. ஒரு வருடப் பெயர், பக்கத்தில் ௵. ஒரு மாதப் பெயர், பக்கத்தில் ௴. ஆறுமுகநாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய வித்தியாநுபாலன யந்திரசாலையின் காலத்து அச்சுப் பழக்கம் அது. பழைய உறுதிகளிலும் சாதகக் குறிப்புகளிலும் கடைக் கணக்குகளிலும் இவை இருக்கின்றன. கணக்கென்றால் கூடவே பற்றுக்கு ௶, வரவுக்கு ௷.

வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிறவை. பிரபவ என்று முகப்பில் இருந்தால் அது 1867இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1927இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். ஆகவே அச்சில் உள்ளதை உள்ளபடியே பதிந்துவிட்டு, ஆங்கில ஆண்டைத் தனியாக ஆராய்ந்து எழுதுவதுதான் முறை. ஆனால் பதிகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவர் ‘வரு’ என்று எழுதுகிறார், இன்னொருவர் ‘வருஷம்’ என்கிறார், மற்றவர் குறியைக் கண்டும் விட்டுவிட்டுப் போகிறார். பிறகு தேடினால் ஒன்றோடு ஒன்று பொருந்தாது. அவர்களில் பிழை காண ஏதுமில்லை. இந்தக் குறியை அடிக்க அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் விசை இல்லை.

குறி மட்டும் யுனிகோடில் எப்போதோ இருக்கிறது. தமிழ்ப் பகுதியில், பதின்மக் கணக்கில் சொன்னால், 3056, 3057, 3058 ஆகியவை ௰, ௱, ௲. 3059 முதல் 3066 வரை ௳ ௴ ௵ ௶ ௷ ௸ ௹ ௺ என்று எட்டும் வரிசையாக நிற்கின்றன. யுனிகோடின் 4.0 பதிப்பு 2003இல் வந்தபோது இந்த நாள், மாதம், ஆண்டுக் குறிகள் உள்ளே வந்துவிட்டன. இன்று எழுத்துருவும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. விரலுக்கும் அதற்கும் நடுவில்தான் வழி இல்லை. வேறு பக்கத்தில் இருந்து வெட்டி ஒட்டுவது, எழுத்துப் பட்டியலைத் திறந்து தேடுவது என்று நாள் முழுக்க ஓடுகிற வேலையில் ஒருவரும் அதைத் தொடர்ந்து செய்யமாட்டார்கள்.

1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் போயின. எஞ்சியவற்றையும் வீடுகளில் கிடந்தவற்றையும் எண்ணிம வடிவில் காக்கும் வேலையை நூலகம் திட்டம் 2005இல் தொடங்கி இன்றுவரை செய்துவருகிறது. அந்த மாதிரி வேலைகளில் ஒவ்வொரு பதிவையும் ஒரு மனிதக் கை அடிக்கிறது. அந்தக் கைக்கு முன்னால் இருக்கிற பலகையில் நான்கைந்து விசைகள் வெறுமனே கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

விசைப்பலகையில் தமிழுக்கு இடம் தேடுகிற வேலையை எங்கள் ஊரவர் ஒருவர் நூறு ஆண்டுக்கு முன்பே செய்தார் என்பதை இங்கே சொல்லாமல் போகமுடியாது. சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. 1907இல் மலாயாப் பக்கம் போனவர், சிங்கப்பூரில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஆங்கில ரைப்ரைட்டர் கண்முன்னே ஓடிக்கொண்டிருக்க, 247 எழுத்துள்ள தமிழை அந்தச் சின்ன இயந்திரத்துக்குள் எப்படி அடக்குவது என்று யோசித்தார். எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்து, கொம்பு, அரவு, விசிறி, புள்ளி என்று தனித்தனி விசைகளில் வைத்தார். அதில் அவருடைய பெரிய யோசனை நகரா விசை. அதை அடித்தால் தாள் நகராது. அடுத்து அடிக்கிற எழுத்து அதே இடத்தில் வந்து விழும். இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்தாகும். முதலாம் உலகப் போர் முடிந்தபின் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமான் நிறுவனம் அவருடைய அமைப்பில் இயந்திரங்களைச் செய்து கொடுத்தது. பிஜோ என்ற பெயரில் வந்த சின்ன இயந்திரத்தைப் பழைய கந்தோர்க்காரர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நகரா விசை என்பது இன்றைய லினக்ஸுக்குள்ளும் இருக்கிறது. பிரெஞ்சு போன்ற மொழிகளில் எழுத்தின் தலையில் கோடு போடுவதற்கு அப்படியே அந்த வழிதான்: முதலில் கோட்டு விசை, திரையில் ஒன்றும் நகராது, பிறகு எழுத்து. கம்போஸ் விசை என்று ஒன்றைக் குறித்துவைத்தால், அதை அழுத்திவிட்டு இரண்டு மூன்று எழுத்துகளை அடிக்க ஒரு புதுக்குறி வரும்படியும் செய்யலாம். வீட்டு அடைவில் எக்ஸ்கம்போஸ் என்ற கோப்பில் அந்தச் சேர்க்கைகளை எழுதவேண்டும். கீபோட்டில் மேலதிக விசை ஒன்றுதான் இருக்கிறது என்றால் இதுவே நல்ல வழி. ஆனால் தமிழை ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறையால் எழுதுகிறவர்களுக்கு, தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்போஸ் எல்லாச் செயலிகளிலும் ஒத்துழைக்காது. எனக்கு விசைகள் நிறைய இருந்தன. ஒரு குறிக்கு ஒரு விசை என்ற வழியை எடுத்தேன்.

இனி வேலைக்கு வருவோம். நிரல்களின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். பெயர் தெரிந்தால் அதன் கையேடு உங்கள் கணினியிலேயே இருக்கும்.

ஒரு விசையை அழுத்தியது முதல் திரையில் எழுத்து விழும்வரை நடுவில் மூன்று பெயர்மாற்றங்கள் நடக்கின்றன. இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு. விளங்காமல் இணையத்தில் கிடைக்கிற கட்டளைகளை ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்று வேலை செய்யும், மற்றது செய்யாது, ஏன் என்றும் தெரியாது.

முதலாவது, கீபோட் தானே சொல்கிற எண். யு.எஸ்.பி. கீபோட்டுகள் எல்லாம் ஒரு பொது நியமத்தின்படி பேசுகின்றன. சாதாரண எழுத்து விசைகள் 7ஆம் பக்கத்தில் இருக்கின்றன. கேப்ஸ் லொக் 70039, அரைப்புள்ளி விசை 70033. மேல்வரிசைச் சின்ன விசைகள் வேறு பக்கத்தில், வானொலி, தொலைக்காட்சிக் கருவிகளின் கட்டுப்பாட்டு விசைகளோடு ஒன்றாக இருக்கின்றன. அந்தப் பக்கத்தின் எண் பதினாறடிமான முறையில் ‘சி’. அதனால் கணிப்பான் சி0192, வீடு சி0223, கடித உறை சி018ஏ. இந்தக் காரணத்தால்தான் ஒரே ஒரு கீபோட்டைச் செருகினாலும் லினக்ஸ் அதை இரண்டு கருவியாகக் காட்டுகிறது. எழுத்து விசைகள் ஒரு கருவியில், மேலதிக விசைகள் மற்றக் கருவியில். முதலாவதை மட்டும் பார்த்துக்கொண்டு ‘விசை வேலை செய்யவில்லை’ என்று கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, கேர்னல் கொடுக்கிற எண். கீபோட் சொன்ன எண்ணைக் கேர்னல் தன் பட்டியலில் பார்த்து, கடித உறைக்கு 155, கணிப்பானுக்கு 140, வீட்டுக்கு 172 என்று தன் எண்ணை வைக்கும்.

மூன்றாவது, எக்ஸ்.கே.பி. என்ற அட்டவணை. கேர்னலின் எண்ணோடு 8ஐக் கூட்டி, அந்த இடத்தில் என்ன எழுத்து என்று பார்க்கும். க, ங, ௵ எல்லாம் இங்கேதான் வருகின்றன.

இதில் ஒரு பழைய தடை இருக்கிறது. எக்ஸ் சாளர முறைமை 255க்கு மேற்பட்ட எண்ணை ஏற்காது. 8ஐக் கழித்தால் கேர்னலின் 247க்கு மேல் உள்ள விசைகள் எக்ஸில் ஓடுகிற செயலிகளுக்கு எட்டவே எட்டா. மைக்ரோசொஃப்ட்டின் நச்சுரல் எர்கோனமிக் 4000 கீபோட்டின் நடுவில் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் ஒரு வழுக்கு விசை இருந்தது. அதன் எண்கள் 418, 419. உலகம் முழுக்க லினக்ஸ் பாவனையாளர்கள் அந்த விசையைப் பக்கம் மேலே, பக்கம் கீழே என்று மாற்றிக்கொண்டார்கள். மாற்றாவிட்டால் அது எக்ஸில் ஊமை. ஏதாவது கீபோட்டில் நட்சத்திர விசை பிடித்தவை என்ற பெயரில் 364ஆக வந்தால் அதற்கும் இதே கதைதான். நீங்கள் எக்ஸ்.கே.பி. அட்டவணையில் எவ்வளவு எழுதினாலும் அந்த நட்சத்திரம் அசையாது. கேர்னல் எண் கொடுக்கிற இரண்டாவது படியிலேயே அதற்கு வேறு பெயர் வைக்கவேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது: மேலதிக விசைகளின் மாற்றத்தை இரண்டு இடத்தில் பிரித்துச் செய்யுங்கள். கருவிக்குரிய மாற்றத்தை, செருகுகிற கருவிகளைக் கவனிக்கிற யூடெவ் சேவையின் வன்பொருள் பட்டியலில், எழுத்துக்குரிய மாற்றத்தை எக்ஸ்.கே.பி.யில். முதல் இடத்தில் கடித உறை, வீடு, கணிப்பான், நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் எஃப்13, எஃப்14, எஃப்15, எஃப்16 என்று பெயர் வையுங்கள். கேர்னலில் எஃப்13 முதல் எஃப்24 வரை 183 தொடங்கி 194 வரை இடம் இருக்கிறது. கீபோட்டுகளில் பெரும்பாலும் அந்த விசைகளே இல்லை; ஆகவே ஒன்றோடும் மோதாது. எஃப்20 முதல் எஃப்23 வரை மட்டும் விட்டுவிடுங்கள், மடிக்கணினிகள் ஒலிவாங்கிக்கும் தொடுபலகைக்கும் அவற்றைப் பாவிக்கின்றன.

செய்முறை இப்படி. ஈவிடெஸ்ட் என்ற நிரலை நிர்வாகி உரிமையோடு ஓட்டினால் கருவிகளின் பட்டியல் வரும். உங்கள் கீபோட்டின் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். பின்னால் ‘கன்சியூமர் கொன்ரோல்’ என்று உள்ளதைத் தெரிந்து, சின்ன விசைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் கீபோட்டின் எண்ணும் கேர்னலின் எண்ணும் திரையில் வரும். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எல்.எஸ்.யு.எஸ்.பி. என்ற கட்டளை கீபோட்டின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் தரும். அதையும் குறியுங்கள்.

ஈ.டி.சி. அடைவில் யூடெவ் என்ற அடைவு, அதற்குள் எச்.டபிள்யூ.டி.பி.டி. என்ற அடைவு. அங்கே 90 என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்பு. எண் முக்கியம்: கணினியோடு வருகிற கீபோட் பட்டியல் 60இல் தொடங்குகிறது, உங்களுடையது அதற்குப் பின்னால் வந்தால்தான் உங்கள் சொல் எடுபடும். முதல் வரியில் கருவியின் அடையாளம்: யு.எஸ்.பி. என்பதற்கு 0003, பிறகு தயாரிப்பாளர் எண், பொருள் எண், கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி. அடுத்த வரிகளில் ஒவ்வொரு விசையின் எண்ணும், சமக்குறியும், புதுப் பெயரும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதல் வரியின் எண்களில் உள்ள ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தாக இருக்கவேண்டும், எல்.எஸ்.யு.எஸ்.பி. சின்ன எழுத்தில்தான் காட்டும், அப்படியே ஒட்டினால் பொருந்தாது. அடுத்து, விசை வரிகள் ஒவ்வொன்றும் ஒரு வெற்றிடத்தோடு தொடங்கவேண்டும். இந்த இரண்டிலும் எது தவறினாலும் ஒன்றும் நடக்காது; முதலாவது தவறினால் பிழைச் செய்திகூட வராது. அதுதான் ஆட்களைக் களைக்கச் செய்கிறது.

பிறகு சிஸ்டம்டியின் எச்.டபிள்யூ.டி.பி. நிரலுக்கு அப்டேட் என்று சொல்லி, யூடெவ்அட்ம் நிரலுக்கு டிரிகர் என்று சொல்லவேண்டும். அல்லது கீபோட்டைக் கழற்றிச் செருகலாம். ஈவிடெஸ்டைத் திரும்ப ஓட்டினால் கடித உறை இப்போது எஃப்13 என்று தன்னைச் சொல்லும்.

நேரே எக்ஸ்.கே.பி.யில் கடித உறைக்கு ௵ என்று எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். எழுதலாம், ஆனால் அது கணினியில் செருகுகிற எல்லாக் கீபோட்டுக்கும் சேர்த்து விழும், எக்ஸில் 247க்கு மேற்பட்ட விசைகளும் எட்டா. யூடெவ் வழியில் மாற்றம் அந்தக் கீபோட்டோடு மட்டும் ஒட்டியிருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. விலை குறைந்த கீபோட்டுகள் பல, வெளியே எந்தப் பெயர் பொறித்திருந்தாலும், உள்ளே ஒரே சில்லைக் கொண்டவை. சிக்மா மைக்ரோ என்று தங்களை அறிவிக்கிற கீபோட்டுகளை நான் பல பெயர்களில் கண்டிருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் ஒரே வகைக் கீபோட்டுகள் வாங்கியிருந்தால் ஒரே கோப்பை எல்லாக் கணினிக்கும் பிரதி பண்ணிப் போட்டால் முடிந்தது.

எழுத்தின் பக்கம். எக்ஸ்.கே.பி.யின் குறியீட்டுக் கோப்பில் எஃப்13இன் இடத்துக்கு யுனிகோட் எண்ணைக் கொடுக்கவேண்டும். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் ஓடுகிற கணினியானால் வீட்டு அடைவின் கொன்ஃபிக் அடைவுக்குள் எக்ஸ்.கே.பி. என்று ஒரு அடைவை வைத்து, உங்கள் சொந்தக் கோப்பை அங்கே போடலாம். 2020இல் வந்த லிப்எக்ஸ்.கே.பி.கொமன் 1.0இல் இருந்து இது முடியும். எக்ஸிலேயே இருப்பவர்களுக்கு நேரான வழி கணினியின் பொதுக் கோப்பைத் தொடுவது; பொதி புதுப்பிக்கும்போது அது அழிந்துபோகும், ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். இதை மாற்றாமல் எஃப்13ஐ அப்படியே விட்டால் க்னோம் தன் அமைப்புகள் சாளரத்தைத் திறக்கும். அது கண்டு பயப்படவேண்டாம், முதல் படி சரியாக நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

எக்ஸ்மொட்மாப் என்ற பழைய நிரலை இன்னும் பலர் பரிந்துரைக்கிறார்கள். கீபோட்டைக் கழற்றிச் செருகினால் அதன் மாற்றம் போய்விடும், வேலண்டில் பயனில்லை. மின்சாரம் போய் வருகிற ஊரில் ஒவ்வொருமுறையும் திரும்ப ஓட்டவேண்டிய தீர்வு தீர்வாகாது. கீடி என்ற சேவை நிரல் நல்லது, ஒரு விசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் வேறு அடுக்கு வருவது போன்ற பெரிய வேலைகளை அது செய்யும். நான்கு விசைக்காகப் பின்னணியில் ஒரு சேவையை எப்போதும் ஓடவிடத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இந்த முறை குறிகளுக்கு மட்டுமல்ல, பழுதான விசைக்கு மாற்று வைக்கவும் உதவும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது, மே மாதத்தில் 360 ரூபா. மின்சாரம் நாளில் பாதிக்கு இல்லை, கணினிச் சாமான் எதுவும் எட்டாத விலை. அந்த நேரத்தில் என் பெரியம்மாவின் கீபோட் பழுதானது. கந்தோரில் காலமெல்லாம் ரைப்ரைட்டரில் அடித்து ஓய்வு பெற்றவர், இப்போது வீட்டில் இருந்து பழைய நூல்களைத் தட்டெழுதித் தருகிறவர். பாமினி அமைப்புத்தான் அவருடைய கைக்குத் தெரியும். பாமினியில் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில், வலது சின்ன விரலின் கீழ். யாழ்ப்பாணம் என்ற ஒரு சொல்லில் அந்த விசை மூன்றுமுறை விழவேண்டும். மற்ற விசைகள் எல்லாம் நன்றாக இருக்க, அது ஒன்றுதான் தேய்ந்துபோனது.

“தம்பி, புள்ளி விழேல்லையடா. எல்லாம் அகரமாத்தான் நிக்குது.”

“புதுசு வாங்கிற விலையில்லை பெரியம்மா. இடது சின்ன விரலாலை புள்ளி அடிப்பியளே?”

“அங்கை என்ன கிடக்கு?”

“கேப்ஸ் லொக். பாமினிக்கு அது தேவையில்லைத்தானே.”

“அப்ப தா பாப்பம். விரல் பழகும்.”

70039க்கு நேரே அரைப்புள்ளியின் பெயர். கோப்பில் அந்த ஒரு வரிதான். அவருடைய விரல் பழகிக்கொண்டது. இப்போது வந்த புதுக் கீபோட்டுக்கும் அந்த வரி வேண்டும் என்கிறார், வலது சின்ன விரலுக்கு ஓய்வாம். நாள் முழுக்கத் தட்டெழுதுகிறவர்களின் விரல் நோவு பற்றி நாங்கள் பெரிதாகக் கதைப்பதில்லை. புள்ளி நிறைந்த மொழியில் அதை இரண்டு கைக்கும் பங்குபோட்டுக் கொடுப்பது நல்ல யோசனை என்று அவரிடம்தான் நான் கற்றேன்.

அவரை யுனிகோடுக்குக் கொண்டுவந்ததும் அதே நாட்களில்தான். இலங்கையின் தமிழ்த் தர நியமமான எஸ்.எல்.எஸ். 1326, 2008இல் வந்தது. அது ஏற்றுக்கொண்ட விசையமைப்பு ரெங்கநாதன். எங்கள் ரைப்ரைட்டர்க் கைகளுக்கும் பாமினிக் கைகளுக்கும் அது அந்நியமில்லை. ஆனால் லினக்ஸை நிறுவி இலங்கை, தமிழ் என்று தேடினால் எக்ஸ்.கே.பி. காட்டுவது தமிழ்நெட்99 அமைப்பை. அதைப் பார்த்துவிட்டு லினக்ஸில் எங்கள் அமைப்பு இல்லை என்று முடிவுகட்டித் திரும்பிப் போனவர்கள் உண்டு. இருக்கிறது. எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பில் ரெங்கநாதன் இருக்கிறது. ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவினால் பட்டியலில் வரும். கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிக்கிற கைக்கு உள்ளீட்டு முறைதான் பொருந்தும். ஒரு விசைக்கு ஒரு குறி என்று வேலை செய்கிற எக்ஸ்.கே.பி. அந்த வரிசையை மாற்றித் தராது. ௵ முதலான குறிகளுக்கு அப்படி ஒரு சிக்கலும் இல்லை, அவை தனிக்குறிகள். எஃப்13இல் இருந்து வருகிற ௵ஐ என் கணினியில் ஐபஸ் தடுக்காமல் அப்படியே விடுகிறது; தமிழில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது விழுகிறது.

கடைசியாக, கோப்பு எதையும் தொட விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு வழி. க்னோமின் அமைப்புகளில் விசைப்பலகைக் குறுக்குவழிகள் பகுதியில், மொழி மாற்றும் குறுக்குவழியைத் தெரிந்துவிட்டுக் கடித உறையை அழுத்துங்கள். அவ்வளவுதான். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் இரண்டு விசையைச் சேர்த்துப் பிடிக்கவேண்டிய தேவை போய்விடும். இரண்டு மொழியும் கலந்த நூற்பட்டியல் வேலைக்கு இந்த ஒரு மாற்றமே நாளில் எவ்வளவோ நேரத்தை மிச்சம் பிடிக்கும். மேலதிக விசையை முதல்முறை மாற்றுகிறவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள் என்று நான் சொல்வேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நூலகங்களில், பாடசாலைகளில், அச்சகங்களில், கோயில் நிர்வாக சபைகளில் பழைய தமிழ் ஆவணங்களைப் பதிகிற இளம் ஆட்கள் யாழ்ப்பாணம் முழுக்க இருக்கிறீர்கள். உங்கள் கீபோட்டின் மேலதிக விசைகளை ஈவிடெஸ்டில் ஒருக்கா அழுத்திப் பாருங்கள். வருகிற எண்களையும், எல்.எஸ்.யு.எஸ்.பி. தருகிற எண்களையும் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். அந்தக் கீபோட்டுக்கான கோப்பை நான் எழுதி இங்கேயே போடுகிறேன், அதே கீபோட் வைத்திருக்கிற மற்றவரும் எடுத்துக்கொள்ளலாம். முகப்பில் ௵ என்று இருந்தால், உங்கள் பதிவிலும் ௵ என்றே இருக்கட்டும்.